மூணாவது வேரியபிள் போட்டா என்ன தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கல்வி பக்கத்துல, கேம்பஸ் இன்டர்வியூக்கு போற பிள்ளைகளுக்குன்னு ஒரு பகுதி வந்திருந்துச்சு. முதல் கேள்வியே மூணாவது வேரியபிள் (நம்பரை வச்சுக்க புரோகிராம்ல பேர் குடுக்குற இடம்) இல்லாம ரெண்டு நம்பரை எப்படி இடம் மாத்துறது, அடுத்தது பத்து வரில எழுதுற புரோகிராமை ஒரே வரில எப்படி எழுதுறது. எங்க அக்கா மக இந்த வருஷம் கடைசி வருஷம் படிக்கிறா, அந்த பக்கத்தை கத்தரிச்சு நோட்டுல ஒட்டி வச்சு மனப்பாடம் பண்ணிட்டு இருக்கா, "சித்தி, எனக்கும் ஒரே வரில வந்துருச்சு பாருங்க"ன்னு ஓடி வந்து காமிச்சா. அவ சந்தோஷத்தை கெடுக்க மனசு வரல, ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் பிடிக்கல. அதான் எழுதுறேன். நீளமா போயிருந்தா வெட்டிக்கங்க, கீழமாசி வீதி கடை விஷயத்தை மட்டும் வெட்டாம போடுங்க.

நான் சிம்மக்கல் பக்கத்துல மாடில ரெண்டு ரூம் எடுத்து கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்குறேன். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பலசரக்கு மொத்த கடை, பாத்திரக்கடை, மருந்து கடைன்னு கீழமாசி வீதிலயும் தெற்குமாசி வீதிலயும் சுத்தி உள்ள ஊருகள்லயும் நம்ம சாஃப்ட்வேர் ஓடுது. நாலு பேருக்கு மேல எப்பவும் ஸ்டாஃப் இருந்தது கிடையாது. புதுசா எழுதுறது வருஷத்துல ஒரு மாசம் இருக்குமா, மீதி பதினோரு மாசமும் ஏற்கனவே எழுதுனதை தொறந்து, படிச்சு, எங்க கை வச்சா எது ஆடும்னு பாத்து, ஒரு சின்ன மாத்தம் பண்றதுதான் எங்க பொழப்பு. இதை ஏன் சொல்றேன்னா, காலேஜ்ல மூணு வருஷம் நாலு வருஷம் பிள்ளைக படிக்கிறதுல இந்த பதினோரு மாச வேலைக்கு ஒரு நாள் கூட பயிற்சி கிடையாது. வெள்ளை ஸ்கிரீன்ல புதுசா எழுத மட்டுந்தான் சொல்லிக்குடுக்குறாங்க.

அந்த மூணாவது வேரியபிள் கேள்விக்கே வர்றேன். ஏ, பி ன்னு ரெண்டு டம்ளர், ஒண்ணுல காப்பி ஒண்ணுல பால், மாத்தி ஊத்தணும்னா மூணாவதா ஒரு டம்ளர் எடுப்போம், வீட்டுல யாரும் அதை அசிங்கமா நினைக்கிறதில்ல. புரோகிராம்ல மட்டும் மூணாவது எடுக்காம எக்ஸார் னு ஒரு பிட் கணக்கை மூணு தடவை போட்டா ரெண்டும் இடம் மாறிக்கும். படிச்ச முதல் நாள் எனக்கும் மாயாஜாலமாத்தான் இருந்துச்சு. ஆனா அதே மூணு வரியை சார்ட்டிங் பண்ற, அதாவது லிஸ்ட்டை வரிசைப்படுத்துற இடத்துல வச்சீங்கன்னா, இடம் மாத்த வேண்டிய ரெண்டு இடமும் சமயத்துல ஒரே இடமா அமைஞ்சுரும், அப்ப தன்னோட தானே எக்ஸார் ஆகி அங்க இருந்த நம்பர் பூஜ்யமாயிரும். எர்ரர் எதுவும் வராது. லிஸ்ட்ல ஒரு நம்பர் காணாம போயிருக்கும், அம்புட்டுதான். சேமிச்சது என்னன்னு பாத்தா ஒரே ஒரு வேரியபிளோட இடம், இன்னைக்கு கம்பைலருங்க (நாம எழுதுனதை மிஷின் மொழிக்கு மாத்துற சாஃப்ட்வேர்) அதையும் தானே பாத்து பிராசசருக்குள்ளயே இருக்குற ரெஜிஸ்டர்ல வச்சுக்கும், ஆக சேமிச்சதுன்னு ஒண்ணுமே இல்ல.

இன்னொரு கேள்வி எங்க காலத்துல இருந்து இன்னும் ஓடுது, ஐ பிளஸ் பிளஸ், கூட்டல், பிளஸ் பிளஸ் ஐ (பிளஸ் பிளஸ்னா ஐ ங்குற வேரியபிள்ல ஒண்ணை கூட்டுறது) போட்டா விடை என்ன ன்னு. நாங்க டர்போ சி ங்குற பழைய கம்பைலர்ல ஓட்டி பாத்து அந்த நம்பரை ரெக்கார்ட் நோட்டுல எழுதி மார்க் வாங்குனோம். சி மொழியோட ஸ்டாண்டர்டுல இதுக்கு விடையே கிடையாது, ஒரே வேரியபிளை ஒரே கணக்குக்குள்ள ரெண்டு தடவை மாத்துனா என்ன வேணா வரலாம்னுதான் இருக்கு, கம்பைலருக்கு கம்பைலர் மாறும். விடையே இல்லாத கேள்விக்கு நாங்க மார்க் வாங்கியிருக்கோம். சரியான விடை "இப்படி எழுதாதீங்க"ன்னு சொல்றது, அதை எந்த வாத்தியாரும் எங்களுக்கு சொல்லல.

இப்ப கடை விஷயம். 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்த நேரம் ஞாபகம் இருக்கும், கடைக்காரங்க அம்புட்டு பேரும் ஆடிப்போயிருந்தாங்க. எங்கிட்ட அப்ப ஒரு தம்பி வேலை பாத்தான், திருப்பரங்குன்றத்துல இருந்து பஸ்ல வருவான், கணக்குல புலி. விற்பனை பில்லு பகுதியை அவன்கிட்ட குடுத்தேன். ரெண்டு நாள்ல முடிச்சுட்டான். வரி கணக்கு மொத்தமும் ஒத்தை வரி. என்ன பண்ணியிருந்தான்னா, ஒவ்வொரு சரக்குக்கும் ஐட்டம் நம்பர் குடுப்போம்ல, அந்த நம்பரோட கடைசி எண்ணுலயே வரியை ஒளிச்சு வச்சுட்டான். 0 ன்னா வரி இல்ல, 1 ன்னா 5, 2 ன்னா 12, 3 ன்னா 18, 4 ன்னா 28. புரோகிராம்ல "0005121828" ன்னு ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துகளை வரிசையா கோத்தது), ஐட்டம் நம்பரோட கடைசி எண்ணை ரெண்டால பெருக்கி அந்த இடத்துல இருந்து ரெண்டு எழுத்தை வெட்டி எடுத்தா வரி விகிதம் வந்துரும். அதே வரிலயே பாதி மத்திய வரி பாதி மாநில வரின்னு பிரிச்சு, பைசாவை ரவுண்ட் பண்ணி முடிச்சிருந்தான். டேபிள்னு விகிதங்களை எழுதி வச்ச பட்டியல் கிடையாது, தேடல் கிடையாது, சடார்னு பில்லு விழும். அவன் எனக்கு விளக்கி சொன்னப்ப நான் கை தட்டுனேன். "நீ பெரிய ஆளுடா தம்பி"ன்னு சொல்லி மத்த ரெண்டு பேரையும் கூப்பிட்டு, இப்படி எழுத கத்துக்கங்கன்னு காமிச்சேன். அந்த கைதட்டலுக்கு நானும் பொறுப்பு, அதனாலதான் இதை உங்களுக்கு எழுதுறேன்.

அதே நேரம் கொள்முதல் பகுதியை ஒரு பிள்ளைகிட்ட குடுத்திருந்தேன், உசிலம்பட்டி பக்கத்து கிராமத்து பொண்ணு, தமிழ் மீடியம், ரொம்ப பேசாது. அது மூணு வாரம் எடுத்துச்சு. அது எழுதுனதை தொறந்து பாத்தா நீளம்னா நீளம், வரி விகிதத்துக்குன்னு தனியா ஒரு டேபிள், அதுல சரக்கு, விகிதம், எந்த தேதில இருந்து, எந்த தேதி வரைக்கும்னு நாலு கட்டம். போதாததுக்கு ஒவ்வொரு கொள்முதல் பில்லுலயும் ஒவ்வொரு வரிலயும் அன்னைக்கு போட்ட விகிதத்தை திரும்ப எழுதி வச்சிருந்துச்சு. "டேபிள்லதான் இருக்குல்ல, பில்லுல எதுக்கும்மா மறுபடி எழுதுற, இடம் வேஸ்ட்"ன்னு கேட்டேன். "அக்கா, அந்த தேதில என்ன வரி போட்டோம்னு அந்த பில்லே சொல்லணும்ல அக்கா"ன்னு சொல்லுச்சு. நான் சரி சரின்னு விட்டுட்டேன். மனசுக்குள்ள இது கொஞ்சம் மெதுவான பிள்ளைன்னு ஒரு முத்திரை குத்திட்டேன். பிறகு ரெண்டு பேரும் வேற வேலைக்கு போனாங்க, தம்பிக்கு நான் குடுத்த சிபாரிசு லெட்டர் ஒரு பக்கம், அந்த பிள்ளைக்கு குடுத்தது நாலு வரி.

2022 ஜூலை 18 ஒரு எச்சரிக்கை வந்துச்சு, நாங்க கண்டுக்கல. லேபிள் ஒட்டி பாக்கெட் போட்ட அரிசி பருப்புக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதம்னு வந்துச்சுல, அதுக்கப்புறம்தான் ஊரெல்லாம் 26 கிலோ மூட்டை வந்துச்சு. எங்க சாஃப்ட்வேர்ல ஒரே அரிசிக்கு வரியை மாத்த வழி இல்ல, ஏன்னா வரி ஐட்டம் நம்பருக்குள்ள இருக்கு. அதனால பழைய நம்பரை நிப்பாட்டிட்டு கடைசி எண் 1 வர்ற மாதிரி புது நம்பர் போட்டோம். ஒரே பொன்னி அரிசி ஸ்டாக்குல ரெண்டு பேர்ல நின்னுச்சு. வருஷக்கடைசில சரக்கு இருப்பு எடுக்கையில கடைப்பையன் கணக்கு இடிக்குதுன்னு திட்டு வாங்குனான், பாவம், தப்பு அவன் மேல இல்ல.

பெரிய அடி 2025 செப்டம்பர்ல வந்துச்சு. 3ஆம் தேதி ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் முடிஞ்சு வரி விகிதங்கள் மாறுதுன்னு அறிவிச்சாங்க, 22ஆம் தேதி நவராத்திரி ஆரம்பிக்கிற அன்னைக்கு அமலுக்கு வருதுன்னு. பத்தொன்பது நாள். மறுநாள் காலைல கீழமாசி வீதி அண்ணாச்சி போன் பண்ணாரு, "என்னம்மா, ரேட்டு எல்லாம் மாறுதாம்ல, நம்ம மிஷின்ல மாத்தணும்ல"ன்னாரு. "சின்ன வேலைதான் அண்ணாச்சி, மாத்திரலாம்"னு சொன்னேன். ரேட்டை மாத்துறது எங்க தொழில்ல சின்ன வேலையாத்தான இருக்கணும், அதான் அப்படி சொன்னேன்.

தொறந்து பாத்தேன். டேக்ஸ் னு தேடுனேன், ஒண்ணும் வரல. 0.12 ன்னு தேடுனேன், வரல. எட்டு வருஷம் ஆச்சு, அந்த தம்பி எனக்கு விளக்கி சொன்னது சுத்தமா மறந்து போச்சு, அவன் வச்ச பேரெல்லாம் எல், எம், டி ன்னு ஒத்தை எழுத்து. ஒரு சாயங்காலம் பூரா உக்காந்து அந்த ஸ்ட்ரிங்கை கண்டுபிடிச்சேன். ஒரு இடத்துல இல்ல, ஆறு இடத்துல இருந்துச்சு, பில்லு, எஸ்டிமேட், சரக்கு திரும்ப வாங்குறது, அன்றாட ரிப்போர்ட்டுன்னு பின்னால வந்த ஒவ்வொருத்தரும் புரியாமலே நகல் எடுத்து ஒட்டியிருக்காங்க. புரியாததை யாரும் பிரிச்சு எழுத துணிய மாட்டாங்க, அப்படியே ஒட்டிட்டு போயிருவாங்க.

சரி, ஸ்ட்ரிங்கை மாத்துனா போச்சுன்னு பாத்தா, முடியல. 12ல இருந்த நெய், வெண்ணெய், பாதாம், பேரீச்சை எல்லாம் 5க்கு வந்துச்சு, அது சரி. ஆனா 18 பூராவும் ஒண்ணா நகரல. பிஸ்கட்டு, டூத்பேஸ்ட், ஷாம்பு, தலைக்கு தேய்க்கிற எண்ணெய் 5க்கு இறங்குச்சு, மத்தது பல 18லயே நின்னுச்சு. சோப்புலயே பாருங்க, கட்டியா வர்ற குளியல் சோப்பு 5, லிக்விடா வர்றது 18. ரெண்டுக்கும் எங்ககிட்ட கடைசி எண் 3. 3ஐ எதா மாத்துறது? கூல்டிரிங்க்ஸ் 28 ஓட செஸ்ங்குற கூடுதல் வரி 12 தனியா சேந்து வந்துட்டு இருந்தது 40 ஆச்சு, அதுக்கு எண்ணே கிடையாது. அப்ப ஐட்டம் நம்பரைத்தான் மாத்தணும். அண்ணாச்சி கடைல மட்டும் மூவாயிரத்துக்கு மேல ஐட்டம், ஒவ்வொரு தட்டுலயும் அந்த நம்பர் போட்ட ஸ்டிக்கர், கடைல முப்பது வருஷமா இருக்குற பெரியவரு நம்பரை மனப்பாடமா அடிப்பாரு, ஸ்கேனரே வேணாம் அவருக்கு. நம்பரை மாத்துனா அந்த மனுஷனோட கையையே கட்டி போடுற மாதிரி.

அதையும் விட மோசமானது சரக்கு திரும்ப வர்ற கணக்கு. ஆகஸ்டுல ஒரு கடைக்காரர் பத்து டின் நெய் வாங்கியிருக்காரு, டின்னு 500, வரி 12 சதம், 560. அதுல ரெண்டு டின்னு ஒழுகுது, அக்டோபர்ல திருப்பி குடுக்குறாருன்னு வச்சுக்கங்க. கிரெடிட் நோட்டு ஆகஸ்டு பில்லுல போட்ட 12க்குத்தான் போடணும், 560 திரும்ப போகணும். எங்க சாஃப்ட்வேர் பழைய பில்லுல விகிதத்தை எழுதியே வைக்கல, ஒவ்வொரு தடவையும் ஐட்டம் நம்பர்ல இருந்து புதுசா கணக்கு போடுது. ஸ்ட்ரிங்கை மாத்தி டெஸ்ட் பண்ணி பாத்தா 525 ன்னு காட்டுது. டின்னுக்கு 35 ரூபா வாங்குனவருக்கு நட்டம், ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் பண்ணையில பில்லோட ஒத்து வராது, நோட்டீஸ் வந்தா அண்ணாச்சி பேர்லதான் வரும். பழைய பில்லை மறு பிரிண்ட் எடுத்தாலும் புது வரி போட்டு வரும், அதாவது நடந்ததையே மாத்தி எழுதுது. இதை பாத்த அன்னைக்கு எனக்கு வயித்தை கலக்கிருச்சு.

அப்பதான் கொள்முதல் பகுதியை தொறந்தேன். அந்த உசிலம்பட்டி பிள்ளை எழுதுனது. அங்க கோடுல (எழுதுன புரோகிராம்ல) ஒரு எழுத்து கூட மாத்த வேண்டி இருக்கல. டேபிள்ல பழைய விகிதத்துக்கு செப்டம்பர் 21 வரைக்கும்னு முடிவு தேதி போட்டு, புது விகிதத்துக்கு 22ல இருந்துன்னு ஒரு வரி சேத்தா முடிஞ்சது. பழைய கொள்முதல் பில்லு ஒவ்வொண்ணும் தன்னோட வரியை தானே சொல்லுச்சு. வேரியபிள் பேரெல்லாம் வரி_விகிதம், அமல்_தேதி ன்னு ஆங்கில எழுத்துல தமிழா வச்சிருந்துச்சு, நேத்து வேலைக்கு சேந்த பையன் கூட பத்து நிமிஷத்துல படிச்சு எனக்கு விளக்குனான். கடைசில நாங்க பண்ணது என்னன்னா, தம்பி எழுதுன ஆறு இடத்தையும் பிடுங்கிட்டு விற்பனையையும் அந்த பிள்ளையோட டேபிளோட கோத்தோம். எட்டு வருஷ பழைய பில்லுகளுக்கு அன்னைக்கு இருந்த விகிதத்தை கணக்கு போட்டு ஒவ்வொரு வரிலயும் எழுதி வச்சோம். மூணு பேரு, பதினஞ்சு நாள், ரெண்டு ஞாயித்துக்கிழமை சேத்து. 21ஆம் தேதி ராத்திரி ஒரு மணிக்கு கடைசி கடைல போட்டு முடிச்சோம், மறுநாள் காலைல அண்ணாச்சி கடைல முதல் பில்லு நெய்யிக்குத்தான் விழுந்துச்சு, 525.

அந்த பிள்ளைக்கு போன் பண்ணேன். இப்ப கோயமுத்தூர்ல இருக்கு, ரெண்டு குழந்தை. நடந்ததை சொல்லி, நான் அன்னைக்கு உன்னை தப்பா எடை போட்டுட்டேம்மான்னு சொன்னேன். "அய்யோ அக்கா, எனக்கு சுருக்கமா எழுத வராது அக்கா, நாளைக்கு எனக்கே புரியணுமேன்னு எழுதுவேன்"னு சொல்லுச்சு. ரெண்டு மூணு கம்பெனி இன்டர்வியூல அந்த மூணாவது வேரியபிள் கேள்விக்கு வேரியபிள் போட்டே எழுதி வெளிய வந்ததையும் சொல்லுச்சு. உங்க பேப்பர்ல அந்த பக்கத்தை பாத்ததும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அதுதான்.

தம்பி மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல. அவனுக்கு 22 வயசு, காலேஜ் முழுக்க எதுக்கு மார்க் கிடைச்சுச்சோ, இன்டர்வியூல எதுக்கு வேலை கிடைச்சுச்சோ, ஆபீஸ்ல எதுக்கு நான் கை தட்டுனேனோ அதைத்தான் அவன் செஞ்சான். அவன் செஞ்சதுல உள்ள கோளாறு ஒண்ணே ஒண்ணு, ஒரே நம்பருக்கு ரெண்டு வேலை குடுத்தது. ஐட்டம் நம்பரோட வேலை இது எந்த சரக்குன்னு சொல்றது, அதோட முடிஞ்சது. வரி கவர்மென்ட் சொல்றது, அது எப்ப வேணா மாறும். மாறாததையும் மாறுறதையும் ஒரே கயித்துல கட்டிட்டா ஒண்ணை அவுக்கையில இன்னொண்ணும் சேந்து அவுரும்.

இது சின்ன ஊரு சின்ன கடை சமாச்சாரம்னு நினைக்க வேணாம். 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவுல நைட் கேப்பிட்டல் னு ஒரு பங்கு வர்த்தக கம்பெனி, முக்கால் மணி நேரத்துல 44 கோடி டாலருக்கு மேல இழந்துச்சு. பல வருஷமா உபயோகத்துல இல்லாத ஒரு பழைய பகுதியை கோடுல இருந்து எடுக்காம விட்டிருந்தாங்க, அதை ஓட விடுறதுக்கு ஒரு கொடி மாதிரி ஒரு குறி இருந்துச்சு, புது வேலைக்கும் அதே கொடியை எடுத்துக்கிட்டாங்க. எட்டு சர்வர்ல ஏழுல புது கோடு ஏறிருச்சு, ஒண்ணுல ஏறல. காலைல மார்க்கெட் தொறந்ததும் அந்த எட்டாவது சர்வருக்கு அந்த கொடி பழைய அர்த்தத்துலயே புரிஞ்சுச்சு, வாங்கி வித்து வாங்கி வித்து கம்பெனியையே முடிச்சுருச்சு. அங்கயும் ஒரே குறிக்கு ரெண்டு அர்த்தம். புதுசா ஒரு குறி வச்சிருந்தா என்ன செலவாகியிருக்கும், சொல்லுங்க.

புத்திசாலித்தனமே கூடாதுன்னு நான் சொல்ல வரல. இடம் இருக்கு அதுக்கு. 1999ல வந்த க்வேக் 3 கேம்ல, ஒரு நம்பரோட வர்க்கமூலத்தால ஒண்ணை வகுக்குற கணக்கை, ஒரு மந்திர எண்ணை வச்சு பிட்டுகளை நகத்தி, கிட்டத்தட்ட சரியான விடையை கண்ணிமைக்கிறதுக்குள்ள எடுத்தாங்க. வெளிச்சம் எப்படி படுதுன்னு கணக்கு போட ஒவ்வொரு நொடியும் எண்ணி முடியாத தடவை அது வேணும், அன்னைக்கு இருந்த மிஷின்ல நேரடியா போட்டா தாங்காது. அதுக்கு தேவை இருந்துச்சு, செஞ்சதை ஒரு தனி ஃபங்ஷனுக்குள்ள (தனியா பேரு வச்ச சின்ன பகுதி) வச்சு பூட்டி வெளிய தெளிவா ஒரு பேரு வச்சாங்க. இப்ப பிராசசர்லயே அதுக்கு ஒரு கட்டளை இருக்கு, இன்னைக்கு அந்த தந்திரம் தேவைப்படுறது இல்ல. கடைல பில்லு போட அப்படி என்ன அவசரம்? டேபிள்ல தேடி எடுத்தாலும் பிரிண்டர் பேப்பரை தள்றதுக்குள்ள கணக்கு முடிஞ்சுரும், டேபிள் வச்ச பிறகு ஒரு கடைக்காரர் கூட பில்லு மெதுவாயிருச்சுன்னு சொல்லல.

சி மொழில வேணும்னே புரியாத மாதிரி எழுதுறதுக்குன்னு 1984ல ஆரம்பிச்ச ஒரு சர்வதேச போட்டி கூட இருக்கு, அதை பாத்தா எனக்கும் ஆச்சரியமா ஆசையாத்தான் இருக்கும். நம்ம அலங்காநல்லூர்ல வாடிவாசல் தாண்டி நின்னு விளையாடுற காளைக்கு தனி மரியாதை, யாரு இல்லன்னா. அந்த காளையை வண்டில பூட்டி நெல்லு மூட்டை ஏத்தி அனுப்ப எந்த சம்சாரியும் துணிய மாட்டாரு.

1972ல டைக்ஸ்ட்ரா னு ஒரு பெரிய மனுஷன், கம்ப்யூட்டர் துறைலயே பெரிய விருதான டூரிங் விருது வாங்குனப்ப பேசுன பேச்சுல, நல்ல புரோகிராமருக்கு தன் மண்டைக்குள்ள எம்புட்டு இடம் இருக்குன்னு தெரியும், அதனால சாமர்த்திய வித்தைகளை கொள்ளை நோயை கண்ட மாதிரி ஒதுக்குவான்னு சொன்னாரு. அம்பது வருஷம் தாண்டிருச்சு. நம்ம ஊர்ல இன்னும் அந்த வித்தைகளை பிள்ளைகளுக்கு வேலைக்கான தகுதியா சொல்லிக்குடுத்துட்டு இருக்கோம்.

சின்ன வயசுல ஸ்கூல் தொறக்குறதுக்கு முன்னால எங்க அம்மா என்னை புது மண்டபத்துக்கு கூட்டிட்டு போவாங்க. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதுத்தாப்புல, தூணுக்கு தூணு தையல் மிஷின் ஓடிட்டு இருக்கும், இப்ப அந்த கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு போயிருச்சு. "வளர்ற பிள்ளைங்க, உள்ள மடிச்சு விட்டு தைங்க"ன்னு அம்மா சொல்லுவாங்க, தைக்கிறவரு பாவாடைக்கு அடில ரெண்டு விரக்கடை துணியை உள்ள மடிச்சு, அந்த மடிப்பை மட்டும் பெரிய பெரிய தையலா, ஈசியா பிரிக்கிற மாதிரி போடுவாரு. வெளிய இருந்து பாத்தா தெரியாது. அடுத்த ஜூன்ல அம்மா ஒரு பிளேடை வச்சு உக்காந்து பிரிச்சு விடுவாங்க, பாவாடை இன்னொரு வருஷம் ஓடும். தைச்சவரு யாருன்னு அம்மாவுக்கு தெரியாது, பிரிக்க போறது யாருன்னு அவருக்கும் தெரியாது. தேதி கட்டம் போட்டு வச்ச அந்த உசிலம்பட்டி பிள்ளை செஞ்சதும் இதே வேலைதான், நான்தான் அதை துணி வேஸ்ட்டுன்னு சொன்னேன்.

இப்ப ஏஐ கிட்ட கேட்டா நிமிஷத்துல கோடு எழுதி குடுக்குது, இனிமே இதெல்லாம் எதுக்குன்னு அக்கா மக கேக்குறா. அது எழுதி குடுக்குறதை படிச்சு, இது சரி இது தப்புன்னு சொல்லி, நம்ம கடைக்கு ஒத்து வருதான்னு பாக்க வேண்டியது யாரு? எழுதுற வேலை குறைய குறைய படிக்கிற வேலைதான் கூடுது. நேத்து கூட என்கிட்ட வேலை பாக்குற பையன் அப்படி ஒண்ணை வாங்கி ஒட்டுனான், அழகா ஓடுச்சு, இது ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா அவனுக்கு சொல்ல தெரியல. பிரிச்சு எழுத சொல்லிட்டேன்.

பாடத்திட்டம் போடுறவங்களுக்கும் நம்ம மதுரை சுத்துவட்டார காலேஜ், பாலிடெக்னிக் வாத்தியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். லேப் பரிட்சைல மூணு மணி நேரத்தை ரெண்டா பிரிங்க. முதல் பாதில பிள்ளைக எழுதட்டும். இரண்டாம் பாதில பக்கத்து சிஸ்டத்துக்கு மாத்தி உக்கார வச்சு, அடுத்த பிள்ளை எழுதுனதுல ஒரு மாத்தம் பண்ண சொல்லுங்க, ஒரு வரி விகிதம் மாறிருச்சு, ஒரு தேதி கூடிருச்சுன்னு ஏதாவது சின்னதா. மாத்தி முடிச்சா மாத்துனவருக்கும் மார்க், அதை முதல்ல எழுதுனவருக்கும் மார்க். எழுதுனவரு வாயை தொறந்து விளக்கம் சொல்லக்கூடாது, ஏன்னா நிஜத்துல அவரு பெங்களூருல இருப்பாரு. ஒரு செமஸ்டர் இப்படி நடத்தி பாருங்க, ஒத்தை எழுத்து பேரு தன்னால காணாம போயிரும். அந்த ஐ பிளஸ் பிளஸ் கேள்வியை கேள்வித்தாள்ல இருந்து எடுத்துருங்க, இல்லன்னா "இதுல என்ன தப்பு"ன்னு மாத்தி கேளுங்க.

இன்டர்வியூ எடுக்குறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நானும் இத்தனை வருஷம் அதே கேள்வியைத்தான் கேட்டுட்டு இருந்தேன், இப்ப மாத்திட்டேன். எங்க பழைய கோடுல நாப்பது வரியை பிரிண்ட் எடுத்து பேனாவோட குடுக்குறேன், படிச்சு பாத்து இது என்ன செய்யுதுன்னு சொல்லுங்க, எங்க பயமா இருக்குன்னு வட்டம் போடுங்கன்னு சொல்றேன். ரொம்ப வேகமா பேசுற பிள்ளைக பல பேரு அங்க தடுமாறுறாங்க, பயந்து பயந்து மூலைல உக்காந்திருந்த பிள்ளைக சில பேரு அழகா வட்டம் போடுறாங்க.

கடைக்காரங்க சாஃப்ட்வேர் வாங்கும்போது, ஸ்பீடா இருக்கா கலரா இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, நாளைக்கு வரி மாறுனா யாரு எத்தனை நாள்ல மாத்தி குடுப்பீங்க, பழைய பில்லு பழைய மாதிரியே நிக்குமா, அதை இப்பவே போட்டு காமிங்கன்னு கேளுங்க. காசு குடுத்து தனியா எழுதி வாங்குறதா இருந்தா சோர்ஸ் கோடு, அதாவது எழுதுன புரோகிராமோட மூலம், ஒரு காப்பி உங்க கைல இருக்கணும். இதை கேட்டா எங்களை மாதிரி ஆளுகளுக்கு கஷ்டந்தான், ஆனாலும் கேளுங்க.

உங்க கல்வி பக்கத்துல அடுத்த தடவை இந்த மாதிரி கேள்வி பதில் போடும்போது, மூணாவது வேரியபிள் போட்டு எழுதுன விடையையும் பக்கத்துலயே போட்டு, வேலைக்கு இதுதான் நல்லதுன்னு ஒரு வரி சேத்துருங்க. அந்த ஆறு இடத்துல ஒட்டுன பழைய பில்லிங் கோடையும் கொள்முதல் பகுதியையும் கடை பேரு விலாசம் எல்லாத்தையும் எடுத்துட்டு தனித்தனியா வச்சிருக்கேன், லேப்ல பிள்ளைகளுக்கு பயிற்சிக்கு வேணும்னு எந்த காலேஜ் கேட்டாலும் குடுக்குறேன், நேர்ல வந்து ஒரு மதியம் உக்காந்து சொல்லியும் குடுக்குறேன், காசு வேணாம். செய்முறை தேர்வு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால இந்த லெட்டரை போட்டீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி,
சிம்மக்கல், மதுரை.